முதல் நாள் குப்பிக்குச் சொந்தம்

போன கிழமை இரவு பத்தரை மணிக்கு எங்கட ஊர்ப் பிள்ளை ஒருத்தி வட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்கு முதல் லெக்சர். என்ன உடுப்புப் போடணும்? ஹேண்ட்பேக் கொண்டு போகலாமா? முடிய ரெண்டாப் பின்னணுமா? சீனியர் அக்காமார் ஏசுவாங்களா?”

நாலு கேள்வி. ஒன்றுகூடப் படிப்பைப் பற்றியது இல்லை. பதின்மூன்று வருசம் பள்ளிக்கூடம் போய், டியூசன் டியூசனாக அலைந்து, ஏ.எல் எடுத்து, இசட் புள்ளிக்குக் காத்திருந்து, பிறகு வெட்டுப்புள்ளிக்கும் காத்திருந்து விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவான பிள்ளை. விடிந்தால் யார் வந்து என்ன படிப்பிக்கப் போகிறார்கள் என்ற யோசனையே அந்த மெசேஜில் இல்லை. அவளைக் குறை சொல்லவில்லை. ஏழு வருசத்துக்கு முன் நான் இன்னொரு அக்காவிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான்.

அவளுக்கு நான் என்ன பதில் போட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் என்ட முதல் நாளைச் சொல்லணும்.

களுதாவளை தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே வந்தால், தேற்றாத்தீவைத் தாண்டி, களுவாஞ்சிகுடிக்கு முன்னால் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் மணல். அந்த மணலில் கிணறு வெட்டித் தண்ணி வார்த்து வெற்றிலை வளர்க்கிற ஊர். அப்பாவும் வெற்றிலைத் தோட்டக்காரர்தான். நான் கம்பஸுக்கு வெளிக்கிட்ட அன்றைக்கு விடியவே அம்மா பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தா. அப்பா வெற்றிலையில் நல்லதாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்து என் பேக்கில் வைத்தார். “படிப்பிக்கிற சேருக்குக் குடு மனே. முதல் நாள் வெறுங்கையோட போகப்படாது” என்றார்.

அந்தக் கட்டு பேக்குக்குள்ளேயே கிடந்து காய்ந்து போனது.

எந்தக் கம்பஸ் என்று இங்கே எழுதவில்லை. பேரை மாற்றினாலும் கதை பெரிதாக மாறாது. லெக்சர் தொடங்குவதற்கு முதல் நாள் இரவு ஹொஸ்டலில் எங்கள் எல்லாரையும் ஒரு அறையில் நிற்க வைத்துச் சட்டங்கள் வாசித்தார்கள். நீளப் பாவாடை. ரெண்டு பின்னல். பாட்டா செருப்பு. சீனியரை நிமிர்ந்து பார்க்கக்கூடாது. கன்டீனுக்குப் போகக்கூடாது. இதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான், எதிர்பார்த்தும் இருந்தேன். கடைசியாக ஒரு அக்கா சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

“லெக்சர் ஹோலில முன் வரிசையில ஒருத்தரும் இருக்கப்படாது. சேர் கேள்வி கேட்டா ஒருத்தரும் கை தூக்கப்படாது. கெட்டித்தனம் காட்ட வேணாம். விளங்கினதா?”

விளங்கினது.

அடுத்த நாள் முதல் லெக்சர் பௌதிகவியல். சேர் நல்லவர், கடுமையானவரும் இல்லை. ஆனால் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் ஆங்கிலம். பாதி விளங்கியது, மீதி தண்ணி மாதிரி ஓடியது. இடையில் திரும்பி எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “மொமென்ட் ஒஃப் இனேர்ஷியா” பற்றி யாருக்காவது தெரியுமா என்று. நூற்றுச் சொச்சம் பேர் இருந்த ஹோலில் ஒரு கை எழும்பவில்லை. நானும் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சூத்திரத்தைப் பலகையில் எழுதினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அட, சடத்துவத் திருப்பம்! ஏ.எல்லுக்கு எத்தனை கணக்குச் செய்திருப்பேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அந்தச் சாமானுக்கு ஆங்கிலத்தில் என்ன பேர் என்று மட்டும் தெரியாது.

அன்றைக்கு நான் கை தூக்காததற்குக் காரணம் எது? மொழி தெரியாததா, முதல் நாள் இரவு வாங்கின உத்தரவா? இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சேருக்கும் தெரிந்திருக்காது. “இந்த பெட்ச் ஒன்றும் கேட்காது” என்று அவர் நினைத்திருப்பார். நாங்களும் அடுத்த நாலு வருசம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு நிமிச மௌனத்தைப் பற்றியது. முதல் நாளில் எங்களுக்கு உண்மையில் படிப்பிக்கப்படுவது வாயைப் பொத்துகிற பாடம். அதை ரெண்டு வாத்தியார்கள் சேர்ந்து படிப்பிக்கிறார்கள். ஒன்று பகிடிவதை, மற்றது பழக்கமில்லாத மொழி. முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், ரெண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறோம். ரெண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

“பகிடிவதை” என்ற சொல்லிலேயே ஒரு ஏமாற்று இருக்கிறது. பகிடி என்றால் விளையாட்டு. வதைக்கு முன்னால் விளையாட்டை ஒட்டிவிட்டால் கேட்கிற ஆளுக்கு “சும்மா பகிடிதானே” என்று தோன்றும். எத்தனை பகிடி எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். 1975 இல் பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி, வதை தாங்காமல் ராமநாதன் விடுதி மாடியிலிருந்து குதித்தார். நடக்க முடியாமலே மீதி வாழ்க்கையைக் கழித்தார். 1997 இல் அதே பேராதனையில் பொறியியல் பீடத்துக்கு வந்த வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவனை உடற்பயிற்சி என்ற பேரில் வதைத்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனான். அதே வருசம் எங்களுக்குப் பக்கத்து அம்பாறையில், ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் கெலும் துஷார என்ற சிங்கள மாணவனுக்கும் இதே கதி.

அதற்கு முந்தின வருசம், 1996 நவம்பரில், கடலுக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில் நாவரசு என்ற முதல் வருட மருத்துவ மாணவனைச் சீனியர் ஒருவன் கொன்றான். நாவரசுவின் அப்பா அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் பிள்ளைக்கே பாதுகாப்பு இருக்கவில்லை என்றால், வெற்றிலைத் தோட்டக்காரரின் பிள்ளைக்கு எங்கே இருக்கும்?

அந்தச் சாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பகிடிவதைக்கு எதிரான சட்டம் வந்தது. இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அடியை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. உடலுக்கோ மனதுக்கோ காயம், வேதனை, பயம் உண்டாக்குகிற எந்தச் செயலும் பகிடிவதைதான் என்கிறது. ரெண்டு வருசம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுமையான காயமோ என்றால் பத்து வருசம் வரை. அதாவது, “முன் வரிசையில் இருக்கக்கூடாது” என்று பயமுறுத்துவதும் அந்தச் சட்டத்துக்குள் வரும். சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 2020 இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் படிக்கட்டில் உருட்டிவிட்ட டயர் ஒரு முதல் வருட மாணவனின் தலையை உடைத்தது. 2025 ஏப்ரலில் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவன் ஒருவனின் சாவுக்குப் பிறகு மாணவர்கள் பலர் கைதானார்கள். சட்டம் தேவைதான். ஆனால் சட்டம் உள்ளே வருவது உயிர் போன பிறகு. முதல் நாள் காலையில் லெக்சர் ஹோலில் எந்தக் கதிரையில் இருப்பது என்று ஒரு பிள்ளை யோசிக்கிற இடத்தில் சட்டம் இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம்.

சரி, பகிடிவதையை நியாயப்படுத்துகிற ஆக்கள் சொல்வதையும் கேட்போம். அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்குத் தெரிந்த பல நல்ல மனிசர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

“கம்பஸுக்குப் பணக்காரனும் வருவான், ஏழையும் வருவான். எல்லாரையும் ஒரே பாவாடையில, ஒரே செருப்பில நிப்பாட்டினாத்தான் சமம் வரும்” என்பது முதல் வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள். கொழும்பில் படித்து வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டா செருப்பு மாட்டிவிட்டால் அவளுடைய ஆங்கிலம் போய்விடுமா? சேர் கேட்கிற கேள்விக்கு அவள் கை தூக்காவிட்டாலும் மனசுக்குள் பதில் ஓடும். இரவு ஹொஸ்டலில் சும்மா இருந்து பாடம் திருப்பிப் பார்ப்பாள். எனக்கோ லெக்சர் ஹோலில் கேட்க வழியில்லை, இரவிலும் நேரமில்லை. கேள்வி கேட்கிற ஒரே ஆயுதத்தையும் பறித்துவிட்டால் அடிபடுவது இல்லாத வீட்டுப் பிள்ளைதான். சமம் என்ற பேரில் கீழே இருக்கிறவளை இன்னும் கீழே தள்ளுகிற வேலை இது.

இந்த நாட்டு அனுமதி முறை அந்த வித்தியாசத்தைக் கொஞ்சமாவது கணக்கில் எடுக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று. அதாவது, வாசல் வரைக்கும் அரசாங்கம் எங்கட பின்தங்கலை ஒத்துக்கொள்கிறது. வாசலைத் தாண்டின முதல் நாளே அந்தக் கணக்கை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு “கடுவ” என்று ஒரு பட்டப்பேர் வைத்திருக்கிறார்கள். வாள் என்று அர்த்தம். வெட்டுகிற சாமான். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. அந்த வாளால் வெட்டுப்பட்டவள்தான் நானும். ஆனால் வாள் பிடித்தவனோடு சண்டை போடாமல், வாள் பிடிக்கப் பழகுகிற ஜூனியரின் கையைக் கட்டிப்போடுவது என்ன வீரம்? பல இடங்களில் ஜூனியர்கள் ஆங்கிலம் பேசினால் ஏச்சு. அதே ஜூனியர் நாலு வருசத்துக்குப் பிறகு நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் வராமல் திணறும்போது, ஏசின சீனியர் அங்கே வந்து நிற்கப் போவதில்லை.

ரெண்டாவது வாதம் இதைவிடப் பலமானது. “பகிடிவதை இல்லாட்டி சீனியர்–ஜூனியர் உறவு வராது. உறவு இல்லாட்டி நோட்ஸ் இல்லை, உதவி இல்லை.” இதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையின் பேர் குப்பி.

இலங்கைக் கம்பஸ்களுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பரீட்சை நெருங்கும்போது சீனியர் ஒருவரோ பெட்சில் கெட்டிக்காரர் ஒருவரோ மற்றவர்களைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக்குடுப்பதற்குப் பேர்தான் குப்பி. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு வெளிச்சத்தில் கூடியிருந்து படித்த காலத்தில் வந்த பேர் என்று சொல்வார்கள். காசு இல்லை, சான்றிதழ் இல்லை. லெக்சரில் ஆங்கிலத்தில் ஓடிப்போனதை எங்கட மொழியில் பிடித்துக் கையில் தருகிற இடம். நான் பாஸ் பண்ணினது லெக்சரால் இல்லை, குப்பியால். என்னைப் போல் ஆயிரக்கணக்கான ஆக்கள் இருப்பார்கள். இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களாகவே உருவாக்கினதில் ஆக நல்லது எது என்று கேட்டால் குப்பியைத்தான் சொல்வேன்.

ஆனால் குப்பிக்கு ஒரு விலை வைத்துவிட்டார்கள். வதையை வாய் திறக்காமல் வாங்கினவளுக்குக் குப்பி உண்டு. முடியாது என்று சொன்னவளுக்கு இல்லை. அவளோடு பேசுவதும் இல்லை. கையில் விளக்கை வைத்துக்கொண்டு, “முழங்காலில் நின்றால்தான் வெளிச்சம்” என்கிற கதை இது. இதில் ஆகப் பயப்படுவது யார்? அண்ணன், அக்கா யாரும் கம்பஸ் போகாத, வேறு யாரிடமும் நோட்ஸ் வாங்க வழியில்லாத பிள்ளை. எங்கட ஊர்ப் பிள்ளைகள். அதனால்தான் “ரெண்டு மாசம்தானே” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறோம்.

இதில் என் பங்கையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்.

ரெண்டாம் வருசத்தில் அடுத்த பெட்ச் வந்தது. அதே அறை, அதே சட்டங்கள். நான் ஒன்றும் பேசவில்லை. யாரையும் ஏசவில்லை. பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன், அவ்வளவுதான். வந்தவர்களில் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு அது தனியாக என்னிடம் வந்தது. “அக்கா, எனக்கு ஏலாது. வீட்ட போகப் போறன்” என்றது. அந்த நேரம் நான் எத்தனையோ சொல்லியிருக்கலாம். “நீ என்ட அறையில வந்து இரு” என்று சொல்லியிருக்கலாம். “வா, மாணவ ஆலோசகரிட்டப் போவம்” என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: “எல்லாரும் பொறுத்ததுதானே. கொஞ்ச நாள் பொறு.”

ஆறாவது கிழமை அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. திரும்பி வரவில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் என்னிடம் கேட்ட அன்றைக்கு அதற்குத் தேவைப்பட்டது ஒரு ஆள். நான் ஒரு சுவர் மாதிரி நின்றேன். பகிடிவதையை நடத்துவது பத்துப் பேர் என்றால், அதை மரபாக்குவது சுவரில் சாய்ந்து நிற்கிற நூறு பேர். அந்த நூறில் நானும் ஒருத்தி.

“பொறு” என்ற சொல் எங்கட வாயில் எப்படி இவ்வளவு லேசாக வருகிறது என்று பிறகு யோசித்திருக்கிறேன். எங்கட அம்மாமார், அம்மம்மாமார் அந்தச் சொல்லைக் கற்றது வேறு இடத்தில். 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பட்டம் படிக்கலாம் என்பது இந்தப் பிரதேசத்துக்கு எவ்வளவு பெரிய காரியம்! நாலு வருசம் போகவில்லை, 1990 இல் அந்த வளாகம் அகதி முகாம். செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. படிப்பிக்கக் கட்டின இடத்தில் ஆட்களை எழுப்பிக்கொண்டு போன காலம் அது. அந்தக் காலத்து ஆக்கள் வாய் திறக்காமல், நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பழகினது உயிருக்காக. எங்களுக்கு இப்போது அந்தத் தேவை இல்லை. இருந்தும், வரிசையில் நில், நிமிர்ந்து பார்க்காதே, கேள்வி கேட்காதே என்று எங்கட தம்பி தங்கச்சிகளுக்கு நாங்களே கட்டளை போட்டு, அதற்கு “கம்பஸ் மரபு” என்று பேர் வைத்திருக்கிறோம்.

அப்போ என்ன செய்வது? எனக்குத் தோன்றுகிற வழி பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. சீனியர்களிடம் ஏற்கெனவே ரெண்டு மரபு இருக்கிறது, வதையும் குப்பியும். முதல் நாளை வதையிடமிருந்து எடுத்துக் குப்பியிடம் குடுப்போம். பரீட்சைக்கு முந்தின கிழமை வருகிற குப்பி, முதல் லெக்சருக்கு முந்தின நாள் வரட்டும். ஒரு நிபந்தனையும் இல்லாமல் வரட்டும்.

அந்த முதல் குப்பியில் படிப்பிக்க என்ன இருக்கு என்று கேட்பீர்கள். பேர்கள் இருக்கு. வகையிடலுக்கு ஆங்கிலத்தில் என்ன, தொகையிடலுக்கு என்ன, ஆர்முடுகலுக்கு என்ன, உந்தத்துக்கு என்ன, ஒளித்தொகுப்புக்கு என்ன. ஒரு பாடத்துக்கு நூறு சொல். ரெண்டு பக்கக் கடதாசியில் அடங்கும். தமிழ் மொழி மூலம் படித்த பிள்ளை அறிவில்லாமல் கம்பஸுக்கு வரவில்லை, அறிவுக்கு வேறு பேர் வைத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பேர்களை மாற்றிக் குடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். எனக்கு அந்தக் கடதாசி அன்றைக்குக் கையில் இருந்திருந்தால், நான் கை தூக்காததற்கு ஒரே ஒரு காரணம்தான் மிஞ்சியிருக்கும். அதை எதிர்க்கிறது லேசு.

பல பல்கலைக்கழகங்களில் தொடக்கத்திலேயே ஆங்கிலத் தீவிரப் பயிற்சி வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எனக்குக் கிடைத்த பயிற்சியில் இலக்கணமும் கடிதம் எழுதுவதும்தான் இருந்தது, சடத்துவத் திருப்பம் இருக்கவில்லை. சேர்மார், மிஸ்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: முதல் கிழமையில் மட்டுமாவது கலைச்சொற்களை மூன்று மொழியிலும் பலகையில் போடுங்கள். பக்கத்தில் இருக்கிற சிங்களப் பிள்ளையும் தன்ட மொழியில் படித்துவிட்டு வந்து எங்களைப் போலத்தான் முழிக்கிறது. “ஒருத்தரும் கேள்வி கேட்கிறாங்க இல்ல” என்று சொல்வதற்கு முன், கேட்கவிடாமல் தடுப்பது எது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

ஊரிலும் செய்ய வேலை இருக்கு. ஏ.எல் பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும் வரைக்கும் மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். களுதாவளையிலும் சுற்று ஊர்களிலும் பீடத்துக்குப் பீடம் படித்தவர்கள், படிக்கிறவர்கள் இருக்கிறோம். ஒரு சனி ஞாயிறு, பள்ளிக்கூட மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ கூடினால் போதும். அந்தச் சொற்கடதாசியைக் குடுக்கலாம். 1998 சட்டத்தைச் சொல்லலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்தில் எப்படி முறைப்பாடு போடுவது என்று காட்டலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தந்தக் கம்பஸில் எந்த நேரமும் கோல் எடுக்கக்கூடிய ஒரு ஆளைக் காட்டிவிடலாம். நோட்ஸுக்கு வழி இருக்கு என்று தெரிந்தால் முழங்காலில் நிற்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒன்று. முதல் சனிக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்தால் “என்ன படிச்ச?” என்று மட்டும் கேட்காமல் “நல்லா நித்திரை கொண்டியா?” என்றும் கேளுங்கள். பதில் வர நேரம் எடுத்தால் காத்திருங்கள். “எல்லாரும் பொறுத்ததுதானே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வசனத்தை நான் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இனி அந்த இரவு நான் போட்ட பதில்.

முதலில் “நீளப் பாவாடை போடு, ரெண்டாப் பின்னு” என்றுதான் எழுதினேன். பழக்கம். அனுப்ப முதல் அழித்துவிட்டேன். “பயப்படாத, உனக்குப் பிடிச்சதப் போடு, முன் வரிசையில இரு” என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அங்கே தனியாக நிற்கப் போவது அவள், நான் இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு இன்னொருத்தியின் தைரியத்தில் வீரம் காட்டுவதும் ஒரு வகைச் சுவர்தான்.

கடைசியில் இப்படி அனுப்பினேன்: “உடுப்பு உன்ட விருப்பம். நாளைக்கு எங்க இருக்கிறதெண்டு நீயே பாத்து முடிவெடு, எதச் செஞ்சாலும் நான் உன்னக் குறை சொல்ல மாட்டன். யாரும் கை வெச்சா, மிரட்டினா, எந்த நேரமெண்டாலும் எனக்குக் கோல் எடு. அங்க படிக்கிற எங்கட ஊர் அக்கா ஒருத்தரோட கதைச்சிருக்கன், காலையில உன்னக் கூட்டிக்கொண்டு போவா. இதில நாலு படம் அனுப்பியிருக்கன், பௌதிகவியல் சொல்லுகள். இண்டைக்கு இரவு ஒருக்கா வாசி.”

அந்த நாலு படமும் என் முதல் வருடக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். முதல் வரியில் சடத்துவத் திருப்பம்.

காலையில் பார்த்தால் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் கிடந்தது. இரவு ஒன்றே முக்காலுக்குப் போட்டிருக்கிறாள்.

“அக்கா, ரெண்டாவது படத்தில ஏழாவது சொல் விளங்கல்ல. அது என்ன?”